பழைய இரும்பில் ஒரு கொக்கு: வெல்டிங் இல்லாமல் சிற்பம் கோக்கும் முறை

காயலான் கடையில் கிடைக்கும் பொருட்களைக் கோத்து, முக்கால் மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு கொக்கைச் செய்வதற்கான வழிகாட்டி இது. வெல்டிங் தேவையில்லை. போல்ட், நட், மரை போட்ட கம்பி இவற்றைக் கொண்டே முழுச் சிற்பத்தையும் நிறுத்திவிடலாம்.

கொக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நீண்ட கழுத்து, மெல்லிய கால், மேலே கனம், கீழே இலகு என்று இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கொக்கை நிறுத்தக் கற்றவர் மாட்டையும் மனிதரையும் நிறுத்திவிடுவார்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேலையின் வரிசையில்தான். கால்களை முதலில் நட்டுவிட்டு மேலே அடுக்கத் தொடங்குவார்கள்; அல்லது பிடித்த இரண்டு பொருட்களைக் கையிலெடுத்ததும் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். இரண்டுமே வேலையைப் பாதியில் முடக்கும். கால் எங்கே வர வேண்டும் என்பதை மேலிருக்கும் கனம்தான் தீர்மானிக்கும். ஒட்டிய பொருளைத் திரும்பக் கழற்ற முடியாது. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் மனத்தில் வைத்து அமைந்தது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேகத்தைக் குறைத்துக் கூட்டக்கூடிய டிரில் மெஷின், மேசையில் பொருத்திய வைஸ் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி), ஹேக்ஸா (இரும்பறுக்கும் ரம்பம்), அரம், சென்டர் பஞ்ச், சுத்தியல், 8, 10, 13 எண் ஸ்பேனர்கள், கட்டிங் பிளேயர். டிரில் பிட்டுகள் 3.5, 5.5, 6.5, 8.5 மில்லிமீட்டர். மரத்துக்கு 25 மில்லிமீட்டர் தட்டை பிட் ஒன்று.

வாங்க வேண்டியவை: ஒரு மீட்டர் நீள எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்) த்ரெட் ராட், அதாவது முழுக்க மரை போட்ட கம்பி, 8 மில்லிமீட்டர் சாதாக் கம்பி அரை மீட்டர், 25க்கு 3 மில்லிமீட்டர் பட்டை இரும்பு ஒரு மீட்டர், எம்5, எம்6 போல்ட்டுகள், நட்டுகள், எல்லா அளவிலும் வாஷர், ஸ்பிரிங் வாஷர். வைஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கையால் பிடித்துக்கொண்டு தகரத்தில் துளையிடும்போது பிட் மாட்டிக்கொண்டால், தகரம் சுழன்று விரலைக் கிழித்துவிடும்.

கண்ணாடி அணியுங்கள். டிரில் ஓடும்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் சுழலும் பிட் துணியைப் பற்றி இழுத்தால் கையும் கூடவே போகும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

2. பொருள் சேகரித்தல்

சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களில் காயலான் கடை, சைக்கிள் கடையின் பின்புறம், டூவீலர் மெக்கானிக்கின் கழிவுப் பெட்டி. எடைக்குத்தான் விலை என்பதால் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கிக்கொள்ளலாம். அந்த மிச்சம் அவசியம். ஏன் என்பது நான்காவது படியில் தெரியும்.

கொக்குக்குத் தேடுங்கள்: உடலுக்குப் பழைய பைக்கின் இரும்பு ஹெட்லைட் கூடு, அலகுக்குத் தையல்காரர் கத்தரிக்கோல், கழுத்துக்குச் சைக்கிள் கோன், பேரிங் வளையம், பெரிய நட்டு, வாஷர், இறகுக்கும் வாலுக்கும் எவர்சில்வர் கரண்டிகள், காலுக்கு மொட்டைமாடியில் கிடக்கும் டிவி ஆன்டெனாக் குழாய், பாதத்துக்கு ஆறு பழைய ரிங் ஸ்பேனர்கள், அடிப்பலகைக்கு 40 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பழைய கதவுச் சட்டத் துண்டு.

ஹெட்லைட் கூட்டைச் சொல்வதற்குக் காரணம் அதன் அகன்ற வாய். பித்தளைச் சொம்பு உடல் போலவே அழகாக இருக்கும். ஆனால் அதனுள் கை நுழையாது, நட்டை யார் பிடிப்பது? ஒரு பொருளை எடுக்கும்போதே அதன் உள்ளே விரலும் ஸ்பேனரும் போகுமா என்று பாருங்கள்.

எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக்கூடாதவை: கேஸ் சிலிண்டர், ஷாக் அப்சார்பர் (உள்ளே அழுத்தம் இருக்கலாம்), ஃபிரிட்ஜ் கம்பிரசர், பேட்டரி, பழைய டிவியின் பிக்சர் டியூப், பாதரசம் உள்ள குழல் விளக்கு, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு. இவற்றை வெட்டவும் கூடாது, துளையிடவும் கூடாது.

3. சுத்தம்

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு, பிறகு துரு. இந்த வரிசை மாறினால், பிசுக்கின் மேல் வினிகர் வழுக்கி ஓடிவிடும், துருவைத் தொடாது. டீசலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள்; பின் சோப்புத் தண்ணீர். நெருப்பு அருகில் இருக்கக்கூடாது.

துருவுக்கு வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஓர் இரவு. காலையில் எடுத்துக் கம்பிநாரால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். சோடா நீர் மிச்ச அமிலத்தை அடக்கும். ஈரத்தோடு விட்டால், அமிலத்தில் பளிச்சென்று வந்த இரும்பு சற்று நேரத்திலேயே செம்மஞ்சளாகும்.

கழிவறை கழுவும் ஆசிட்டைப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி அறையில் உள்ள மற்றக் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டால் வருவது குளோரின் வாயு.

பழைய பெயின்ட்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவிலும் கம்பியிலும் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, நனைத்துத் தேயுங்கள். குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். உரியாமல் பிடிப்போடு இருக்கும் பெயின்ட் என்றால் அப்படியே விட்டுவிடலாம். அந்த நிறம் பெரும்பாலும் நாம் அடிக்கப்போகும் நிறத்தைவிட நன்றாகவே இருக்கும்.

4. தரையில் பரப்பிப் பார்த்தல்

அதிக நேரம் கேட்கும் படி இது. புதியவர்கள் தாண்டிச் செல்லத் துடிக்கும் படியும் இதுவே.

ஒரு பழைய வெள்ளைப் போர்வையைத் தரையில் விரித்து, கலர் சாக்பீஸால் கொக்கின் பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் வரையுங்கள். அதன் மேல் பொருட்களை வைத்து, மாற்றி, எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் நேர் மேலிருந்து போனில் படம் எடுத்துவிடுங்கள். நேற்று வைத்தது இன்றைக்கு நினைவில் நிற்காது. ஆறாவது மாற்றத்தில் நிற்கும்போது இரண்டாவதுதான் சரி என்று தோன்றும்.

இங்கே எடுக்க வேண்டிய முக்கியமான முடிவு, எதை விடுவது என்பது. பிகாசோ 1942இல் செய்த காளைத் தலையில் இருப்பவை இரண்டே பொருட்கள்: ஒரு சைக்கிள் சீட், ஒரு ஹேண்டில்பார். அதைப் பார்க்கிறவருக்குக் காளையும் தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. இரண்டும் தெரிவதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கத்தரிக்கோல் மேல் ஸ்பிரிங், ஸ்பிரிங் மேல் சாவி, சாவி மேல் பல்சக்கரம் என்று அப்பிவிட்டால் எதுவுமே அடையாளம் தெரியாத இரும்புக் குவியல் மிஞ்சும். ஓர் உறுப்புக்கு ஒரு வகைப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் வளையங்கள் என்றால் கழுத்து முழுக்க வளையங்கள். இறகு கரண்டி என்றால் எல்லா இறகும் கரண்டி.

இரண்டு மடங்கு வாங்கச் சொன்னது இதற்குத்தான். கையில் இருப்பது குறைவாக இருந்தால் இருப்பதையெல்லாம் சேர்த்துவிடத் தோன்றும். அதிகமாக இருந்தால்தான் ஒதுக்க மனம் வரும்.

5. எந்த இணைப்பு எங்கே என்று எழுதிவைத்தல்

பரப்பியது கண்ணுக்குப் பிடித்துவிட்டால், இரண்டு பொருட்கள் தொடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அங்கே எப்படி இணைக்கப்போகிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள். மூன்று கேள்விகள் போதும்.

துளை ஏற்கெனவே இருக்கிறதா? கத்தரிக்கோல், பேரிங், அரம், ஸ்பிரிங் போன்றவை கடினமாக்கப்பட்ட எஃகு. சாதாரண பிட் அதில் மழுங்கித்தான் போகும். கத்தரிக்கோலின் நடு ஸ்குருவைக் கழற்றினால் நமக்கு வேண்டிய துளை அங்கேயே இருக்கிறது. ஸ்பேனரில் வளையம் இருக்கிறது. இருக்கும் துளையைப் பயன்படுத்துவதுபோலத்தான் வடிவத்தைத் திட்டமிட வேண்டும்.

அந்த இணைப்பு சுழலுமா? ஒரு போல்ட் மட்டும் போட்ட இடம் என்றைக்காவது சுழலும். கனம் தாங்கும் இடத்தில் இரண்டு போல்ட் வேண்டும்.

இரண்டும் ஒரே உலோகமா? அலுமினியமும் இரும்பும், பித்தளையும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால், ஒன்று மற்றொன்றை அரிக்கும். கடற்கரை ஊர்களில் இது வேகமாக நடக்கும். பஞ்சரான சைக்கிள் டியூபில் வட்டம் வெட்டி நடுவில் வாஷராகப் போட்டுவிடுங்கள்.

6. முதுகெலும்பு

ஹெட்லைட் கூடு மெல்லிய தகரம். கழுத்தையும் காலையும் நேரே அதில் முடுக்கினால் கொஞ்ச நாளில் துளையைச் சுற்றிக் கிழியும். ஆகவே கனத்தைத் தாங்க உள்ளே ஒரு பட்டை இரும்பு. கூடு வெறும் சட்டைதான்.

கூட்டின் உருண்டைப் பக்கம் மார்பு, திறந்த வாய் வால் பக்கம். பட்டை இரும்பை, கூட்டின் உள்நீளத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் அதிகமாக வெட்டி, முன்முனையை வைஸில் வைத்து ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு மேல்நோக்கிச் சாய்வாக மடக்குங்கள். அங்கே கழுத்து வரும். பின்முனை வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே வால்.

துளையிடும் முறையை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். முதலில் சென்டர் பஞ்ச்சால் ஒரு குழி. அது இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். அடுத்து 3.5 பிட், பிறகு தேவையான அளவு. வேகம் குறைவு, அழுத்தம் அதிகம், இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய். இரும்பில் சீவல் சுருளாக வந்தால் சரி. புகை வந்தால், பிட்டின் நுனி நீலமானால், வேகத்தைக் குறையுங்கள். எவர்சில்வரில் இது இன்னும் கண்டிப்பு. அழுத்தாமல் பிட்டைத் தேயவிட்டால் அந்த இடம் மேலும் கடினமாகி, பிறகு எந்த பிட்டும் இறங்காது. தகரத்தில் துளையிடும்போது அடியில் மரக்கட்டை வையுங்கள். பிட் வெளியேறும் நொடியில்தான் தகரத்தைப் பிடித்து இழுக்கும்.

7. கழுத்து

சாதாக் கம்பியை நேராக இருக்கும்போதே லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, இரு முனையிலும் நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு எம்8 மரை வெட்டி வாங்குங்கள். வளைத்த பிறகு கொண்டுபோனால் லேத்தில் மாட்ட முடியாது. த்ரெட் ராடையே வளைத்தால் என்ன என்று கேட்பார்கள். மரையின் பள்ளங்களில் விரிசல் விடும், நட்டும் ஏறாது. அதைக் கால்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரை வெட்டியபின், வைஸில் பிடித்த ஒரு குழாயைச் சுற்றி மெதுவாக வளைத்து இரட்டை வளைவு கொடுங்கள். கொக்கு இரை பார்த்து நிற்கும்போது கழுத்து முதலில் பின்னால் போய், பிறகு முன்னால் வரும். இந்தப் பின்வளைவு அழகுக்கு மட்டும் இல்லை. தலையின் கனத்தை உடலுக்கு மேலே இழுத்துக்கொள்வது அதுதான். கழுத்தை நேரே முன்னால் நீட்டினால் முழுச் சிற்பமும் மூக்குக்குப்புற விழும்.

கீழ்முனையில் ஒரு நட்டை மரை முடியும்வரை ஏற்றி, கூட்டின் துளை, பட்டையின் மடங்கிய முனை இரண்டின் வழியாகவும் நுழைத்து, உள்ளிருந்து ஸ்பிரிங் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். பிறகு வளையங்களைக் கோத்துவிடுங்கள்: கீழே பெரியது, மேலே போகப்போகச் சிறியது. துளை கம்பியைவிடக் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் பெரியதாக இருந்தால்தான் வளைவில் இறங்கும். வளைவின் உள்பக்கம் நெருங்கியும் வெளிப்பக்கம் விரிந்தும் வளையங்கள் தாமே அமைந்துகொள்ளும். மேலே ஒரு நட்டு போட்டு அவற்றை நெருக்குங்கள்.

8. தலை

கத்தரிக்கோலின் வாயை அரத்தால் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. கண் மட்டத்துக்குக் கீழே கூர்மையான அலகு இருந்தால் குழந்தைக்கு ஆபத்து.

பட்டை இரும்பில் ஒரு சிறு துண்டை எல் வடிவில் மடக்குங்கள். ஒரு பக்கம் 8.5 துளையில் கழுத்தின் முனை, மறுபக்கம் கத்தரிக்கோலின் நடுத்துளை வழியாக எம்5 அல்லது எம்6 போல்ட். விரல் வளையங்கள் பின்னால் கொண்டை போல நீட்டி நிற்கும். அலகை எவ்வளவு திறப்பது என்பதை இப்போது முடிவுசெய்ய வேண்டாம். நட்டை லேசாக மட்டும் இறுக்குங்கள். சிற்பம் எழுந்து நின்ற பிறகு பார்க்கும்போது அந்தக் கோணம் மாறிவிடும்.

கண்ணுக்குத் தனியாக எதையும் ஒட்டாதீர்கள். போல்ட்டின் தலையே கண்.

9. சமநிலை பார்த்து, அதன் பிறகு கால்

வால் கரண்டிகளை டேப்பால் பட்டையின் பின்முனையில் சுற்றிவையுங்கள். இறகுக்கான கரண்டிகளையும் கூட்டின் இருபுறமும் டேப்பால் ஒட்டிவையுங்கள். அந்தக் கனமும் கணக்கில் வர வேண்டும். இப்போது உடலின் அடியில் ஒரு கயிற்றைத் தொட்டில் போலச் சுற்றித் தூக்குங்கள். முன்னும் பின்னும் நகர்த்தி, உடல் சாயாமல் தொங்கும் இடத்தைக் கண்டுபிடித்து மார்க்கரால் கோடு போடுங்கள். கால்கள் அந்தக் கோட்டில்தான் வர வேண்டும். கோடு எதிர்பார்த்த இடத்தில் இல்லையென்றால் காலை நகர்த்தாதீர்கள். கழுத்தைக் கொஞ்சம் பின்னுக்கு வளையுங்கள், அல்லது வாலில் இரண்டு கரண்டி கூட்டுங்கள்.

கோட்டுக்கு நேரே, உள்ளே இருக்கும் பட்டையின் குறுக்கே 12 சென்டிமீட்டர் நீளமுள்ள இன்னொரு பட்டைத் துண்டு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் குறுக்குமூலையாக இரண்டு எம்5 போல்ட். குறுக்குப் பட்டையின் இரு முனைகளிலும் 8.5 துளை. அதற்கு நேரே கூட்டின் அடியிலும் துளை. கூட்டின் அடி வளைவாக இருப்பதால், பட்டையின் முனைகளுக்கும் தகரத்துக்கும் நடுவில் வரும் இடைவெளியை வாஷர்கள் அடுக்கி நிரப்புங்கள். வெறுமனே விட்டு முடுக்கினால் தகரம் உள்ளே ஒடுங்கும்.

த்ரெட் ராடை இரண்டாக வெட்டும் முன், வெட்டப்போகும் இடத்துக்கு இருபுறமும் ஒரு நட்டை ஏற்றிவிடுங்கள். வெட்டி முடித்து அந்த நட்டுகளைச் சுழற்றி வெளியே எடுத்தால், வெட்டுவாயில் நசுங்கிய மரையை அவை நேராக்கிக்கொண்டே வரும்.

அடிப்பலகையில் துளையிடும்போது வரிசை மிக முக்கியம். அடிப்புறத்திலிருந்து முதலில் 25 மில்லிமீட்டர் தட்டை பிட்டால் 15 மில்லிமீட்டர் ஆழக் குழி. பிறகு அதன் நடுவில் 8.5 துளையை மறுபுறம் வரை. சிறிய துளையை முதலில் போட்டுவிட்டால், தட்டை பிட்டின் நடுக்கூர் பற்றிக்கொள்ள மரம் இருக்காது. பிட் அங்குமிங்கும் ஆடிப் பலகையைச் சிதைக்கும். குழி எதற்கென்றால் நட்டு உள்ளே மறைந்து, பலகை தரையில் ஆடாமல் உட்காருவதற்கு.

இப்போது ஒவ்வொரு காலையும் கீழிருந்து மேலாக இந்த வரிசையில் கோத்துவிடுங்கள்: நட்டு, வாஷர், பலகை, விசிறிபோல விரித்த மூன்று ஸ்பேனர்களின் வளையங்கள், பெரிய வாஷர், ரப்பர் வாஷர், ஆன்டெனாக் குழாய், ரப்பர், வாஷர், கூட்டின் தகரம், இடைவெளியை நிரப்பும் வாஷர்கள், குறுக்குப் பட்டை, ஸ்பிரிங் வாஷர், நட்டு. ஸ்பேனரின் வளையம் அகலமாக இருந்தால் அதை முழுக்க மூடும் அளவுக்கு வாஷர் போடுங்கள். இரண்டு குழாய்களும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒரே நீளம் இருக்க வேண்டும். சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் வெட்டுங்கள்.

மேல் நட்டை இறுக்க இறுக்க, உள்ளே கம்பி இழுபடும், வெளியே குழாய் அழுந்தும், கால் விறைத்து நிற்கும். வெறும் 8 மில்லிமீட்டர் கம்பியை நட்டுவைத்தால் கொக்கு தொட்டவுடன் ஆடும். அதே கம்பி குழாய்க்குள் முடுக்கப்பட்டால் ஆட்டம் வெகுவாக அடங்கிவிடும். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போனால் உடல் சாய்ந்துவிடும்.

10. இறகும் வாலும்

கரண்டியின் காம்பை வெட்டிவிட்டு, குழிந்த பகுதியின் மேல்முனையில் 5.5 துளை. ஓடு வேய்வதுபோலப் பின்வரிசையில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள். அப்போதுதான் முன்வரிசைக் கரண்டி பின்வரிசையின் போல்ட்டை மூடும். முன்னாலிருந்து தொடங்கியவர்களின் சிற்பத்தில் போல்ட் தலைகள்தான் முதலில் கண்ணில் படும்.

வால் கரண்டிகளைப் பட்டையின் பின்முனையில் போல்ட்டால் பிணையுங்கள். ஆனால் கூட்டின் வாயை முழுதாக அடைத்துவிடாதீர்கள். ஒரு ஸ்பேனர் உள்ளே போக வழி விட்டே ஆக வேண்டும்.

11. பசை எங்கே, எவ்வளவு

இவ்வளவு தூரம் பசையே இல்லாமல் வந்திருக்கிறோம். இப்போது அலகின் கோணத்தை நிலைநிறுத்தவும், கழுத்து வளையங்கள் கலகலக்காமல் இருக்கவும் மட்டும் கொஞ்சம் தேவை. அதற்கு அரால்டைட் அல்லது எம்-சீல். ஒவ்வொன்றிலும் வரும் இரண்டு பாகங்களையும் சம அளவில் கலக்க வேண்டும். கண்ணளவில் கூடக் குறைய எடுத்தால் பசை கடைசி வரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்க் கை படாமல் துடைத்துவிடுங்கள். சாதாரண அரால்டைட்டை ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட வேண்டும்.

ஃபெவிக்விக் உலோகத்தில் உடனே பிடிக்கும், ஓர் அடி பட்டால் உடனே விடும். சுற்றிலும் வெள்ளைப் படலமும் விடும். ஹாட் குளூ சித்திரை வெயிலில் இளகும். கனம் தாங்கும் எந்த இணைப்பையும் பசையிடம் ஒப்படைக்காதீர்கள்.

12. மேல்பூச்சு

இங்கே இரண்டு வழிகள். பொருட்களின் சொந்த நிறத்தை அப்படியே விடுவது ஒன்று. முழுவதையும் ஒரே நிறத்தில் மூடுவது இன்னொன்று. அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சன் 1950களில் மரத்துண்டுகளைக் கோத்து முழுக்கக் கறுப்படித்தார். அப்படிச் செய்தால் பொருட்களின் அடையாளம் பின்னுக்குப் போய், வடிவமும் நிழலும் முன்னால் வரும். கொக்குக்கு முதல் வழியையே நான் சொல்வேன். கத்தரிக்கோல் கத்தரிக்கோலாகவே தெரியட்டும். பாதி நிறம் அடித்துப் பாதியை விடுவது பெரும்பாலும் அரைகுறையாகத்தான் தெரிகிறது.

வீட்டுக்குள் வைப்பதென்றால், தளர்ந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் நீக்கிவிட்டு, தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். தாழ்வாரத்தில் வைப்பதென்றால் பளபளப்பில்லாத கிளியர் லாக்கர், மெல்லியதாக இரண்டு பூச்சு. அடிப்பலகைக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தேய்க்கலாம். ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

13. ஒரு மாதம் கழித்து

மரம் பருவத்துக்கேற்ப ஊதும், சுருங்கும். ரப்பர் வாஷர் அழுந்திப் படியும். இரண்டினாலும் கால் நட்டுகள் தளரும். ஒரு மாதம் ஆனதும் வால் பக்கமாக 13 எண் ஸ்பேனரை உள்ளே விட்டு, மேல் நட்டுகள் இரண்டையும் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்குங்கள். மழைக்காலம் போய்க் கோடை வந்ததும் மறுபடி ஒருமுறை. கழுத்தின் அடிநட்டையும் அப்போதே தொட்டுப் பாருங்கள்; தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, முதலில் தளர்வது அதுதான்.